நாப்பத்திமூணு எலை

அந்த வடையத் திங்காதீங்க தம்பி. தெரியாத ஆளு சொல்றானேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. வடை மேல குத்தமில்ல, அதப் பொதிஞ்சு குடுத்திருக்கான் பாருங்க பேப்பரு, அந்த மை பூரா எண்ணெயில எறங்கியிருக்கும். திருப்பிப் பாருங்க. ம்... தெரியுதா? வடையிலயே செய்தி படிக்கலாம். சரி, உங்க வயிறு, உங்க இஷ்டம். நான் சொல்லாம இருக்க முடியாது, அது என் பழக்கம்.

ராமசுப்பு என் பேரு. நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டாகி ஒம்பது வருஷமாச்சு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸு தம்பி. நான் தெரு முக்குல திரும்புறேன்னு தெரிஞ்சாப் போதும், ஓட்டல்ல மூடியே இல்லாத பாத்திரத்துக்கெல்லாம் மூடி வந்துரும். அம்புட்டு மரியாதை. பயம்னு சொல்லுவான் சில பேரு. பயமில்ல, மரியாதை.

மதுரைக்கா போறீங்க? நானும் அங்கதான். கண்ணாஸ்பத்திரிக்கு. எடது கண்ணுல புரை விழுந்திருக்குன்னு சொல்லிட்டான். தனியாத்தான் போறேன். துணைக்கு ஆளு எதுக்கு? கை கால் நல்லாத்தான இருக்கு.

நான் சொல்ல வந்தது என்னன்னா, நம்ம சனத்துக்குத் திங்கத் தெரியுது, எங்க திங்கணும்னு தெரியல. வெளியில எதுக்குப் போகணும், என் சொந்தக்காரக் கூட்டமே போதும் அதுக்கு. கேளுங்க, பஸ்ஸு மதுரை போக இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு.

இந்த ஆவணியில எங்க அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாணமாகி அம்பது வருஷம். அக்கா பேரு பூரணம். எழுபத்தோரு வயசு. அத்தானுக்கு எழுபத்தெட்டு, ரெண்டு வருஷமாப் பக்கவாதம், வலது கையும் காலும் வெளங்கல. பேச்சும் கொழகொழன்னுதான் வரும். பிள்ளைக நாலு பேரு, அவங்க பிள்ளைக, அந்தப் பிள்ளைகளுக்கும் பிள்ளைக. நம்ம பக்கமும் சேத்து எண்ணுனா நாப்பத்திமூணு தலை. ஆறு மாசக் கைப்பிள்ளையில இருந்து அத்தான் வரைக்கும்.

அக்கா எனக்குப் போன் போட்டா. "தம்பி, மண்டபம் வேணாம், மேடை வேணாம், மாலை போட்டு போட்டோ எடுக்கிற கூத்தெல்லாம் வேணாம். சாதாரணமா ஒரு ஓட்டல்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிச் சிரிச்சுச் சாப்பிட்டாப் போதும்னு அத்தான் சொல்றாக. உனக்குத் தெரியாத ஓட்டலா? நீயே பாத்து முடிவு பண்ணு"ன்னா.

அது நியாயம். டாக்டர் இருக்கிற வீட்ல ஊசி போட வெளி ஆளையா கூப்பிடுவாக?

"ஒரே ஒரு விசயம்தான்"னா. "எல்லாரும் வரணும். எல்லாரும்னா எல்லாரும்."

"அதான் நாப்பத்திமூணுன்னு சொல்லிட்டியே"ன்னேன்.

"உன் மகன் மதிவாணனச் சேத்துத்தான் நாப்பத்திமூணு. அவன் பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் சேத்து"ன்னா.

நான் பதில் சொல்லல. சொல்லாட்டி சம்மதம்னு எடுத்துக்கிட்டா போல. பொம்பளைக அப்படித்தான்.

அவன் கதையச் சொல்லணும். ஒரே பய. பி.இ. படிக்க வச்சேன். படிச்சு முடிச்சு நல்ல கம்பெனியில வேலைக்கும் சேந்துட்டான். போயி யாரக் கட்டணும்னு நின்னான் தெரியுமா? புரோட்டா கடை பால்பாண்டி மகள. அந்த பால்பாண்டி யாரு? இருபது வருஷத்துக்கு முன்னால எங்க ஊரு சந்தைத் தெருவுல தகரக் கொட்டகை போட்டு புரோட்டா வீசிக்கிட்டு இருந்தவன். கடைக்கு முன்னாடி தெறந்த சாக்கடை. நான் நேர்ல போயி ரெண்டு அண்டா சால்னாவ அவன் கண்ணு முன்னாலயே அந்தச் சாக்கடையில கொட்ட வச்சு, கடையப் பூட்டி சீல் வச்சேன். பதினஞ்சு நாளு. கையக் கட்டிக்கிட்டு நின்னான். அவன் பக்கத்துல ஒரு சின்னப் பிள்ளை, பாவாடையும் அதுவுமா, என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுதான் பின்னாடி என் வீட்டுக்கு மருமகளா வரப் பாத்துச்சு. விதியப் பாருங்க.

சம்பந்தம் பேச வந்தான் பால்பாண்டி. வேட்டி சட்டையெல்லாம் வெள்ளையாத்தான் இருந்துச்சு. பழத்தட்டு, வெத்தலை, பூவு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "அந்தச் சாக்கடைக்கு மூடி போட்டியாப்பா?" அம்புட்டுத்தான். தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுட்டான். என் மகன் அன்னைக்கு ராத்திரியே பெட்டியத் தூக்கிட்டுப் போனவன்தான். நாலு வருஷமாச்சு. கல்யாணத்துக்கு நான் போகல. என் சம்சாரம் தங்கப்புஷ்பம் போனா, எனக்குத் தெரியாமன்னு அவ நெனப்பு. எனக்கா தெரியாது? ஒரு ஆளு வீட்ல இருந்து பட்டுச்சேலை கட்டிக்கிட்டு ரேஷன் கடைக்குப் போறேன்னு போனா தெரியாமப் போகுமா? விட்டுட்டேன். கண்டுக்கிடல.

சரி, ஓட்டல் விசயத்துக்கு வர்றேன்.

அக்கா மகன் செல்வகணபதி, நாப்பத்தஞ்சு வயசுப் பய, டிராக்டர் கம்பெனியில சேல்ஸு. அவன்தான் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வண்டியில என்னைக் கூட்டிக்கிட்டு ஓட்டல் காட்டுனான். குடும்பத்துல எல்லாருமாச் சேந்து வாட்ஸப்புல ஒரு குரூப்பு வேற ஆரம்பிச்சிருந்தாக. ஆளாளுக்கு ஒரு ஓட்டலு. பெங்களூர்ல இருக்கிறவ ஒண்ணு சொல்லுவா, துபாயில இருந்து லீவுக்கு வர்றவன் ஒண்ணு சொல்லுவான். வருஷத்துக்கு ஒரு வாட்டி ஊருக்கு வந்து எளநி குடிச்சிட்டுப் போறவனுக்கெல்லாம் ஓட்டலப் பத்தி அபிப்பிராயம்!

மொத ஓட்டலு, மாடியில. ஏ.சி. பேரப் பயலுக கேட்டதாம், நூடுல்ஸு, பிரைடு ரைஸு, செவப்பா பூசுன கோழி. வாசல்லயே நின்னு படிய எண்ணுனேன். இருபத்தேழு. "ஏன்டா, உங்கப்பனை எப்படிடா ஏத்துவ, மூட்டை மாதிரியா?"ன்னு கேட்டேன். "சேர்ல உக்கார வச்சுத் தூக்கிருவோம் மாமா"ன்னான். மேல போயிப் பாத்தேன். மேசைக்கு அடியில கையவிட்டுத் தடவுனேன். அதுதான் என் மொத பரிசோதனை. மேசைக்கு மேல எந்தக் கழுதையும் தொடைப்பான். அடியில பிசுபிசுன்னு ஒட்டுச்சு, சவ்வு மிட்டாய் மாதிரி. அந்த வெரலை செல்வகணபதி மூக்குக்கு நேரா நீட்டுனேன். அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். முடிஞ்சுபோச்சு அந்த ஓட்டலு.

ரெண்டாவது, லாட்ஜோட சேந்தது. பப்பேயாம். தட்டை ஏந்திக்கிட்டு வரிசையில நிக்கணுமாம். பஞ்சத்துல கஞ்சித் தொட்டிக்கு முன்னால நின்ன மாதிரி. அதுக்குக் கழுத்துல டையி கட்டுன ஒருத்தன் "வெல்கம் சார்"ங்கிறான். காலையில வச்ச பொங்கலு மத்தியானம் வெஜிடபிள் ரைஸா நிக்குது. மொளகும் முந்திரியும் அப்படியே இருக்கு, மேல கேரட்டத் தூவியிருக்கான். எனக்கா தெரியாது? கரண்டியால கிண்டிக் காட்டுனேன். டையி கட்டுனவன் டையத் தடவிக்கிட்டே உள்ள போனவன்தான், வெளிய வரல.

மூணாவது, பைபாஸ் ரோட்டுல தோட்டத்து ஓட்டலு. கீத்துக் குடிசைக, நடுவுல ஊஞ்சலு, சிமெண்டுல காளான், சிமெண்டுல மானு. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து ஒடிஞ்சு கம்பி தெரியுது. பாக்கவே சகிக்கல. ஆனா செல்வகணபதிக்கு அது ரொம்பப் பிடிச்சிருச்சு.

"மாமா, பிள்ளைக ஓடியாட எடமிருக்கு. படி இல்ல, அப்பாவுக்கு வீல்சேர் நேரா உள்ள போகும். கைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டலாம். சைவமும் இருக்கு, அசைவமும் இருக்கு. நமக்கு இது போதும் மாமா"ன்னான். கெஞ்சுற மாதிரி சொன்னான்.

நான் அடுப்படிக்குப் போனேன். சும்மா சொல்லக் கூடாது, ஓரளவுக்கு இருந்துச்சு. தண்ணித் தொட்டி கழுவியிருந்துச்சு. கறி வெட்டுற கட்டையில உப்புத் தேச்சிருந்தான். சரி போகட்டும்னு திரும்பும்போது பாருங்க, ஒரு பூனை. மாவு மூட்டை மேல படுத்துக் கெடக்கு, மகாராணி கணக்கா. "இது யாரு, உங்க மாஸ்டரா?"ன்னு கேட்டேன். ஓனரு சிரிச்சான். சிரிக்கலாமா? கெளம்பிட்டேன்.

செல்வகணபதி வண்டிய வேகமா விட்டான். வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டு, "மாமா, நீங்க எங்கதான் சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டான். கேள்வியா அது? வீட்லதான்னு சொன்னேன்.

அன்னைக்குச் சாயந்திரம் அக்கா போன் போட்டா. "தம்பி, நீ ஓட்டல் பாக்குறியா, கேஸ் போடப் பாக்குறியா?"

"ரெண்டும் ஒரே வேலைதான்க்கா"ன்னேன்.

அவ சிரிக்கல. "அத்தான் தெனமும் கேக்குறாக, எந்த ஓட்டல், எந்த ஓட்டல்னு. கொழந்தை மாதிரி ஆயிட்டாகப்பா. எங்கயாச்சும் ஒண்ணச் சொல்லு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன, ஒரு வேளைதான?"

"ஒரு வேளை போதும்க்கா, காலரா வர"ன்னேன்.

அப்ப ஒண்ணு கேட்டா. கொரலத் தாழ்த்திக்கிட்டு. "பால்பாண்டி அண்ணன் கடை இப்ப ரொம்ப நல்லாருக்காம். ஊருக்கு வெளிய, மெயின் ரோட்டு மேல, பெரிய எடமாம். மதிவாணனும் அங்கதான்..."

நான் போன வச்சுட்டேன். பேசிக்கிட்டு இருக்கும்போது வைக்கல, அவ நிறுத்துன எடத்துலதான் வச்சேன்.

கடைசியில நாந்தான் தேர்ந்தெடுத்தேன். சைவ ஓட்டலு. எங்க ஊருலயே சுத்தமான ஓட்டல்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம். செவுத்துல வெள்ளை டைல்ஸு. கை கழுவுற எடத்துல சோப்பு இருக்கு, நூல் கட்டாத சோப்பு. எல்லா மேசைக்கு மேலயும் ஒரு போர்டு, 'அமைதி காக்கவும்'. இன்னொரு போர்டு, 'சாப்பிட்டு முடித்தவர்கள் இடம் தரவும்'. குழந்தைகள் ஓடக் கூடாதுன்னும் ஒண்ணு. அதெல்லாம் ஒரு ஒழுங்கு. பின்னாடி ஒரு ஹாலு, அம்பது பேரு உக்காரலாம். நாலே நாலு படிதான். அத்தான ரெண்டு பேரு பிடிச்சா ஏறிருவாரு. கறி இல்லைன்னு பயலுக மூஞ்சியச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். ஒரு நாள் பருப்புச் சாதம் சாப்பிட்டாச் செத்துப் போயிருவாங்களா?

குரூப்புல பெரிசா எழுதிப் போட்டேன். இன்ன தேதி, இன்ன ஓட்டலு, பகல் பன்னண்டு மணி, நாப்பத்திமூணு எலை, எல்லாரும் வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவும். அதுக்கப்புறம் குரூப்புல ஒரு சத்தமில்ல தம்பி. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு நூறு மெசேஜு வரும், அதுக்கப்புறம் ஒண்ணு கூட வரல. ரெண்டு வாரம். அப்படி அடங்கிப் போயிட்டாக. என் சொல்லுக்கு மறுசொல்லு இல்ல.

அந்த நாளும் வந்துச்சு. காலையில தங்கப்புஷ்பம், "நான் மதினி வீட்டுக்குப் போயி அவுகளுக்குச் சேலை கட்டிவிட்டு அப்படியே அவுகளோட வந்துர்றேன்"ன்னு சொல்லிட்டு எட்டு மணிக்கே கெளம்பிட்டா. பை ஒண்ணு கையில. பெரிய பை. நான் கேக்கல.

பதினோரு மணிக்கு நான் ஓட்டலுக்குப் போயிட்டேன். முன்கூட்டியே ஒரு பார்வை பாத்துருவோம்னு. உள்ள நொழைஞ்சா அந்த ஹாலு பூட்டியிருக்கு. கல்லாவுல இருந்த மேனேஜரு என்னைப் பாத்துட்டு, "ஒருத்தருக்கா சார்?"னு கேட்டான்.

"நாப்பத்திமூணு பேருக்கு"ன்னேன்.

நோட்டப் பெரட்டுனான். "சார், அது வியாழக்கெழமையே வேணாம்னு சொல்லிட்டாங்களே. செல்வகணபதின்னு ஒரு சார் போன் பண்ணுனாரு."

"நான்தான்யா சொன்னேன் அந்த எடத்த. என்னைக் கேக்காம எப்படிய்யா எடுப்ப?"

"உங்க பேரு இதுல இல்லையே சார்"ங்கிறான். என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னான், பின்னாடி வேற ஆளு நிக்கிறாகளாம். "ஒருத்தருக்குன்னா அந்த ஓரத்துல உக்காருங்க சார், மீல்ஸ் ரெடியாயிருச்சு."

நான் ஓரத்துல உக்காரல தம்பி. வெளிய வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்தா. பின்னாடி ஒரே கூச்சலு. பிள்ளைக கத்துது, யாரோ மைக்குல பாடுறான், தப்புத் தப்பா.

"எங்க இருக்கீக எல்லாரும்?"

"பால்பாண்டி அண்ணன் கடையிலதான்ப்பா இருக்கோம். உனக்காகத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். ஆட்டோ பிடிச்சு வா."

"தங்கப்புஷ்பம்?"

"இங்கதான் இருக்கா."

ஏமாத்துறதுக்கும் ஒரு தெறமை வேணும் தம்பி. நாப்பத்திரெண்டு பேரு. அதுல ஒருத்தராச்சும் வாய் தவறி உளறியிருக்கணும்ல? உளறல. கைப்பிள்ளைய விட்டுத் தள்ளுங்க, அதுக்குப் பேச வராது. மத்தவுக பூராவும் எனக்குத் தெரியாம தனியா ஒரு குரூப்பே வச்சிருந்திருக்காக. பின்னாடிதான் தெரிஞ்சுச்சு.

போகக் கூடாதுன்னுதான் நெனச்சேன். ஆனா ஒரு பொறுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. என் அக்கா சாப்பிடப் போறா, பக்கவாதக்காரரு சாப்பிடப் போறாரு, எந்தப் பாத்திரத்துல சமைச்சதோ. ஆட்டோ பிடிச்சுப் போனேன்.

எதுத்தாப்புல எறங்கிக்கிட்டேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறேன். பெரிய வேப்பமரம், அதச் சுத்திக் கூரை போட்டிருக்கான், பக்கத்துக்குச் செவுரு கெடையாது. நீளமா மேசையச் சேத்துப் போட்டு எல்லாரும் உக்காந்திருக்காக. உக்காந்திருக்காகன்னா ஒழுங்கா இல்ல. ஒருத்தன் அந்த மேசையில இருந்து இந்த மேசைக்கு எலும்பத் தூக்கிப் போடுறான். பிள்ளைக மரத்தச் சுத்தி ஓடுது. துபாய்க்காரன் மைக்குல பாடுறான். பெங்களூர்க்காரி கைப்பிள்ளைய மடியில போட்டுக்கிட்டே புரோட்டா பிச்சுத் திங்கிறா. கல்யாண வீடும் இல்ல, காது குத்தும் இல்ல, என்னன்னே சொல்ல முடியாத ஒரு கூத்து.

நடுவுல அத்தான் வீல்சேர்ல இருக்காரு. பக்கத்துல ஒரு பிள்ளை நின்னு அவருக்கு ஊட்டிக்கிட்டு இருக்கு. யாருன்னு பாத்தா அதுதான், பால்பாண்டி மக. கறிய நார் நாராப் பிச்சு, சோத்துல வச்சுப் பெசஞ்சு, சின்னச் சின்ன உருண்டையா ஊட்டுது. வெறுங்கையால! கை கழுவுச்சோ என்னமோ. அவருக்கு வாயோரம் வழியும்ல, அத முந்தானையால தொடைக்குது. முந்தானையால தம்பி! அதுல எத்தனை கிருமி இருக்கும்? அத்தானுக்கு அதெல்லாம் எங்க தெரியும்? சிரிச்சுக்கிட்டு இருக்காரு. வாய் ஒரு பக்கமாத்தான் போகும் அவருக்கு, ஆனாலும் அது சிரிப்புதான். ரெண்டு வருஷமா அவரு சிரிச்சு நான் பாக்கல. என்னத்தச் சொல்ல.

அக்கா என்னைப் பாத்துட்டா. எழுபத்தோரு வயசுல, பட்டுச்சேலைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, லாரி போற ரோட்ட அவளே தாண்டி வந்தா.

"வா. உனக்கு எலை போட்டு வச்சிருக்கு"ன்னா.

"என்னை முட்டாளாக்கிட்டீகள்ல?"

"நீ எடம் பாத்த லட்சணத்துக்கு அடுத்த ஆவணி வந்திருக்கும். அவுகளுக்கு அடுத்த ஆவணி இருக்கோ இல்லையோ. அதான் நானே முடிவு பண்ணேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டு. ஆனா உள்ள வந்து திட்டு."

"அடுப்படியப் பாக்காம நான் எங்கயும் கை நனைக்கிறதில்ல. உனக்கே தெரியும்."

என் கையப் பிடிச்சா. "பாரு. தாராளமாப் பாரு. வா."

உள்ள போனேன். மைக்கு நின்னுச்சு. பேச்சு நின்னுச்சு. தங்கப்புஷ்பம் கையில புரோட்டாவோட அப்படியே என்னைப் பாத்தா. நான் அவளப் பாக்கல. நேரா அடுப்படிக்குப் போனேன்.

பால்பாண்டி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்தான். முடி பூரா நரைச்சுப் போச்சு. "வாங்க சம்பந்தி"ங்கிறான். எம்புட்டுத் தைரியம் பாருங்க! நான் தண்ணித் தொட்டிய எட்டிப் பாத்தேன், அடித்தரை தெரிஞ்சுச்சு. மேசைக்கு அடியில தடவுனேன். கறி வெட்டுற கட்டை, எண்ணெய்ச் சட்டி, மாவு வைக்கிற எடம், குப்பைக் கூடை, எல்லாம் பாத்தேன். அவன் என் பின்னாடியே வந்து ஒவ்வொண்ணையா மூடி தெறந்து காட்டுனான். அரை மணி நேரம் ஆயிருக்கும். வெளிய எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக, சோறு ஆறுது. இருக்கட்டும், வேலைன்னா வேலை.

ஒண்ணும் இல்ல தம்பி. உண்மையச் சொல்லணும்ல. ஒரு குத்தம் கூட இல்ல. எனக்கே எரிச்சலாப் போச்சு.

அப்பத்தான் கல்லுக்கிட்டப் பாக்குறேன். ஒருத்தன் முதுகக் காட்டிக்கிட்டு புரோட்டா வீசிக்கிட்டு இருக்கான். கைலிய மடிச்சுக் கட்டி, பனியனோட. என் மகன். பி.இ. ஞாயித்துக்கெழமையானா மாமனாருக்கு ஒத்தாசையா வந்து நிப்பானாம். திரும்பிப் பாத்தான். நாலு வருஷம் தம்பி. கன்னமெல்லாம் கொஞ்சம் ஒட்டிப் போயிருந்துச்சு. முன்னாடி முடி ஏறியிருக்கு, எங்கப்பாவுக்கு ஏறுன மாதிரியே. அவனும் பாக்குறான், நானும் பாக்குறேன். கையில மாவு.

"தலைக்கு ஏன் துணி கட்டல?"ன்னு கேட்டேன்.

கேக்கணும்ல? முடி விழுந்தா? அது விதிமுறை. யாரா இருந்தாலும் ஒண்ணுதான்.

அவன் தோள்ல கெடந்த துண்ட எடுத்துத் தலையில கட்டுனான். நல்லா இறுக்கிக் கட்டுனான். "இப்பச் சரியா சார்?"னு கேட்டான்.

பாத்தீங்களா? சார்ங்கிறான். மாமனாரு மாமாதான், எனக்கு மட்டும் சாரு. எங்க போனாலும் வளத்த மொறை போகாது. சரிதான்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். பின்னாடி பால்பாண்டி ஏதோ பேசப் பாத்தான், தங்கப்புஷ்பம் அழுதா. எதுக்கு அழுதான்னு தெரியல. வெங்காயம் உரிச்ச எடம்.

எலை போட்டிருந்துச்சு, அக்காவுக்குப் பக்கத்துல. நான் உக்காரல. சுத்தமா இருக்குங்கிறது வேற, உக்காந்து சாப்பிடுறது வேற. எனக்குன்னு ஒரு இது இருக்குல்ல. அக்கா முதுகத் திருப்பிக்கிட்டு அத்தானுக்குத் தண்ணி குடுத்தா.

அந்த நேரத்துல ஒரு பிள்ளை வந்து என் எலைக்கு முன்னால ஏறி உக்காந்துக்கிச்சு. மூணு வயசு இருக்கும். ரெட்டைக் குடுமி. யாழினியோ என்னமோ பேரு சொன்னாக, எனக்குச் சரியாக் காதுல விழல. எலையில இருந்த அப்பளத்த எடுக்கப் போச்சு.

"கை கழுவுனியா?"ன்னு கேட்டேன்.

ரெண்டு கையையும் நீட்டிக் காட்டுச்சு. பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன். உள்ளங்கை, பொறங்கை, வெரலுக்கு நடுவுல. நகம் பத்தையும் ஒட்ட வெட்டியிருந்துச்சு. ஓரத்துல கூட அழுக்கில்ல. சின்னக் கையி. சோப்பு வாசனை அடிச்சுச்சு. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம் நான் சர்வீஸ்ல பாத்ததில்ல தம்பி. கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டே நின்னுட்டேன் போல. அது கைய உருவிக்கிட்டு, "நீங்க யாரு?"ன்னு கேட்டுச்சு.

அத்தனை பேரும் என் வாயையே பாக்குறாக. மைக்குக்காரன், அக்கா, செல்வகணபதி, எல்லாரும். அடுப்படி வாசல்ல தலையில துண்டோட அவன் நிக்கிறான்.

"சானிட்டரி இன்ஸ்பெக்டரு"ன்னேன்.

பொய்யா சொன்னேன்? இருபத்தெட்டு வருஷ சர்வீஸு. வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? அந்த மாதிரி எடத்துல, அத்தனை பேரு முன்னால.

அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை? கெளம்பி வந்துட்டேன். தங்கப்புஷ்பம் வரல. மகன் வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்னா. பைய முன்னாடியே கட்டிக்கிட்டு வந்திருக்கா பாருங்க. சரி, ஒரு மாறுதலுக்கு இருந்துட்டு வரட்டும்னு நாந்தான் விட்டுட்டு வந்தேன். பத்து நாளாச்சு. சமையல் என்ன பெரிய வித்தையா, நானே பண்ணிக்கிடுறேன். ரசம் வைக்கத் தெரியும். நேத்தும் ரசம்தான், முந்தாநேத்தும் ரசம்தான். சுத்தமா இருக்கு.

காலையில தங்கப்புஷ்பம் போன் போட்டா. கண்ணாஸ்பத்திரிக்கு மதிவாணன் துணைக்கு வரவான்னு கேட்டான்னு சொன்னா. வேணாம்னுட்டேன். அவனுக்கு வேலை இருக்கும். அப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்றா, அந்தப் பிள்ளை தெனமும் சாப்பிடுறதுக்கு முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்குதாம், இன்ஸ்பெக்டர் எங்கன்னு கேக்குதாம். மறுபடி எப்ப வருவாருன்னு.

விதிமுறைப்படி என்ன பதிலோ அதச் சொன்னேன். லைசென்ஸ் புதுப்பிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை நேர்ல வந்து பாப்பாருன்னு சொல்லுன்னேன். எல்லா ஓட்டலுக்கும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு வாட்டி, மார்ச் மாசம்.

இப்ப என்ன மாசம் தம்பி, செப்டம்பரா? மார்ச்சுக்கு இன்னும் எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு தெரியல.